மதியச் சாப்பாட்டுக்கு அப்புறமும் மண்டபத்தில் ஆள் இருக்க என்ன செய்யலாம்?

கேட்கப்பட்ட கேள்வி இது. பெருந்துறைப் பக்கம் விசைத்தறி, நூல் தொழிலில் இருப்பவர்களின் சங்கம் ஒன்று ஒரு நாள் கருத்தரங்கு நடத்துகிறது. இடம் கல்யாண மண்டபம். 400 பேர் வருவார்கள். முப்பது வயது இளைஞர்களும் உண்டு, எழுபதைத் தாண்டிய பெரியவர்களும் உண்டு. "மேடையில் பேசும்போது எல்லாரும் போனைத்தான் பார்க்கிறார்கள். சாப்பாடு முடிந்ததும் பாதிப் பேர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அந்தப் போனையே வைத்து அவர்களை உட்கார வைக்க முடியுமா? ஆப் வாங்கு, ஹேஷ்டேக் போடு, லைவ் போடு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதற்குச் செலவு செய்வது?"

முடியும். ஆனால் ஆப்பில் இருந்து ஆரம்பிக்க வேண்டாம். கோவை, திருப்பூர், ஈரோடு என்று கூட்டங்களுக்கு ஒலி, திரை, நேரலை வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: பணத்தைக் கொட்டி ஆப் வாங்கி, அதை ஒருத்தர்கூடத் திறக்காமல் போன கூட்டங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

நம் ஊர்க் கூட்டங்களில் துண்டுச் சீட்டு என்று ஒன்று உண்டு. கீழே ஒருவர் எழுதுவார், அது நாலு கை மாறி மேடைக்குப் போகும். சில சமயம் அதில் "நேரமாகிவிட்டது" என்று இருக்கும். பேச்சாளர் பார்த்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இன்னும் இருபது நிமிஷம் பேசுவார். சில சமயம் நல்ல கேள்வி இருக்கும். "இங்கே ஒருத்தர் கேட்டிருக்கிறார்" என்று அவர் ஆரம்பித்ததும் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். கூட்டத்தில் இருப்பவர்களிடம் போன் வழியாகக் கேள்வியும் வாக்கும் வாங்கும் ஸ்லைடோ, மென்டிமீட்டர் மாதிரியான இணையச் சேவைகள் எல்லாம் அந்தச் சீட்டுதான். ஒரே நேரத்தில் நூறு சீட்டு போகிறது, எழுதியவர் பேர் தெரியாமல் போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். மேடை அதைப் பிரித்துப் படிக்குமா, பைக்குள் போடுமா என்பது உங்கள் நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது.

அதனால் முதலில் அழைப்பிதழைக் கையில் எடுங்கள். ஒரு மணி நேர அமர்வு என்றால் பேச்சு 35 நிமிஷம், கேள்வி 25 நிமிஷம் என்று அச்சிலேயே போட்டுவிடுங்கள். பேச்சாளருக்குப் போன் பண்ணும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். பொன்னாடைகளுக்குப் போகும் நேரத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினாலு பேருக்குப் போர்த்தி, பதினாலு போட்டோ எடுத்து முடிக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதை வெட்டினாலே கேள்விக்கு நேரம் கிடைத்துவிடும். இன்னொன்று, திங்கள் செவ்வாயில் கூட்டம் வைக்காதீர்கள். ஈரோட்டில் ஜவுளிச் சந்தை நடக்கும்போது ஜவுளிக்காரர்களை உட்கார வைக்க எந்தத் தொழில்நுட்பத்தாலும் முடியாது.

சரி, கேள்வியை வாங்குவது எப்படி? க்யூஆர் கட்டம் போதும். 1994-ல் ஜப்பானில் டென்ஸோ வேவ் நிறுவனம் கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைப்பதற்காக உருவாக்கிய கட்டம் இது. இன்று டீக்கடை முதல் இளநீர் வண்டி வரை தொங்குகிறது. பணம் அனுப்பிப் பழகிய கை என்பதால் பெரியவர்களுக்கும் ஸ்கேன் பண்ணத் தெரியும். அதிலேயே ஒரு சிக்கலும் வரும். ஒரு கூட்டத்தில் நாற்காலிக்கு நாற்காலி கட்டத்தை ஒட்டி வைத்திருந்தோம். வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "ஏனுங்க தம்பி, இதை ஸ்கேன் பண்ணுனா பணம் போயிருமாங்க?" என்றார். நியாயமான சந்தேகம். அன்றிலிருந்து கட்டத்துக்குக் கீழே "கேள்வி கேட்க மட்டும், பணம் கேட்காது" என்று பெரிதாக அச்சடிக்கிறேன்.

கட்டத்தைத் திரையில் மட்டும் காட்டுவது வீண். எவ்வளவு தூரத்தில் இருந்து ஸ்கேன் பண்ண வேண்டுமோ, அதில் பத்தில் ஒரு பங்கு அகலம் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. இருபது மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டு மீட்டர் கட்டம் காட்ட வேண்டியிருக்கும். என் யோசனை, சாப்பாட்டு டோக்கனின் பின்பக்கம் அச்சடியுங்கள். அழைப்பிதழை மறந்து வருவார்கள், பேட்ஜைக் கழற்றி வைப்பார்கள், டோக்கனை மட்டும் யாரும் தொலைக்க மாட்டார்கள். மடித்துக் கசங்கினாலும் பரவாயில்லை. கட்டத்தை உருவாக்கும்போது பிழை திருத்தும் அளவை (error correction) உச்சத்தில் வைத்தால் கட்டத்தில் 30 சதவீதம் வரை சேதமானாலும் போன் படித்துவிடும்.

ஸ்லைடோ ஸ்லோவாக்கியாவில் 2012-ல் தொடங்கியது, இப்போது சிஸ்கோவின் கையில் இருக்கிறது. மென்டிமீட்டர் சுவீடனிலிருந்து வருகிறது. இரண்டுக்கும் தனி ஆப் வேண்டாம், போனில் இருக்கும் பிரவுசரிலேயே திறக்கும். இலவசத் திட்டத்தில் கலந்துகொள்வோர் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. 400 பேர் என்றால் அந்த ஒரு கூட்டத்துக்கு மட்டும் கட்டணம் கட்ட வேண்டிவரும். ஸ்லைடோவில் எனக்குப் பிடித்தது, ஒருவர் கேட்ட கேள்விக்கு மற்றவர்கள் விரல் உயர்த்தி ஆதரவு காட்டலாம், அதிக ஆதரவு கிடைத்த கேள்வி மேலே ஏறும். அடுத்தது, பேர் இல்லாமல் கேட்கலாம் என்பது. இந்த வசதியின் அருமை நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பக்கத்து நாற்காலியில் இருப்பவர் பங்காளி, முன்வரிசையில் இருப்பவர் நமக்கு நூல் கடன் கொடுப்பவர். எழுந்து நின்று மைக்கைப் பிடித்து "பணம் ஏன் ஆறு மாசம் இழுக்கிறது?" என்று கேட்க யாருக்கு மனசு வரும்? போனில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குத்தான் எண்பது விரல் உயரும்.

இங்கே ஒரு ஆள் வேண்டும். வரும் கேள்விகளைப் பார்த்து, ஒரே மாதிரி இருப்பவற்றைச் சேர்த்து, வம்புக்கு எழுதியதை நீக்கி, மேடைக்கு அனுப்புகிற ஆள். கம்ப்யூட்டர் தெரிந்த பையன் என்று யாரையாவது உட்கார வைக்காதீர்கள். தறியில் நெடுக்கு நூலான பாவு எது, குறுக்கு நூலான ஊடை எது என்று தெரிந்தவர் வேண்டும். தொழில் தெரியாதவர் நல்ல கேள்வியைக் கழித்துவிட்டு "தங்கள் வெற்றியின் ரகசியம் என்ன?" என்பதை மேலே அனுப்புவார்.

போனில் எழுத வராதவர்கள்தான் அனுபவசாலிகள். அவர்களை விட்டுவிட்டால் கூட்டத்தில் பாதி அறிவு வீணாகிவிடும். இதற்குச் சங்கத்தின் பேரில் ஒரு வாட்ஸ்ஆப் எண், குரல் பதிவாகக் கேள்வி அனுப்பலாம் என்று ஒரு அறிவிப்பு, இவ்வளவு போதும். சென்னிமலைப் பக்கம் ஒரு கூட்டத்தில் இதைச் செய்தோம். கைத்தறி போட்டு வந்த பெரியவர் ஒருவர் கடைசி வரிசையில் இருந்தபடியே நாற்பது விநாடி பேசி அனுப்பினார். அதை மண்டபத்து ஸ்பீக்கரில் போட்டோம். "எம் பையனுக்கு இந்தத் தொழிலைக் குடுக்கறதா வேண்டாமான்னு எனக்குச் சொல்லுங்க, மத்ததெல்லாம் அப்பறம் பேசிக்கலாம்" என்று முடிந்தது பதிவு. அதற்கு மேல் அன்று யாரும் போனைப் பார்க்கவில்லை. போனில் இருந்து மிக்ஸருக்கு வயர் கொடுத்துப் போடுங்கள். மைக்கைப் போன் மேல் பிடித்தால் கரகரப்புதான் கேட்கும்.

சாப்பாட்டுக்கு அப்புறமான அமர்வுக்கு வருகிறேன். பலர் வினாடி வினா வைக்கச் சொல்வார்கள். கஹூட் மாதிரியானவற்றில் வேகமாக அழுத்துபவருக்கு மதிப்பெண் அதிகம். பள்ளிக்கூடத்தில் அது சரி. மண்டபத்தில் நல்ல சிக்னல் கிடைத்தவர்தான் ஜெயிப்பார், அறுபது வயதுக்காரர் மூன்றாவது கேள்வியில் போனை உள்ளே வைத்துவிடுவார். அதைவிட எரிக் மசூர் முறை நல்லது. இவர் ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர். தன் வகுப்பில் மாணவர்கள் எழுதிக்கொள்கிறார்களே தவிர விளங்கிக்கொள்ளவில்லை என்று கண்டு, 1991-ல் ஒரு முறையைக் கொண்டுவந்தார். கேள்வியைப் போடுவார், எல்லாரும் பதில் தேர்ந்தெடுப்பார்கள், சரியான விடையைச் சொல்ல மாட்டார். "பக்கத்தில் இருப்பவரிடம் பேசி உங்கள் பதிலை நம்ப வையுங்கள்" என்பார். அப்புறம் மறுபடி வாக்கு. முதல் வாக்கில் 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொல்லியிருந்தால்தான் பேச்சு சூடுபிடிக்கும் என்பது அவர் கணக்கு. எல்லாருக்கும் தெரிந்த கேள்வியும் யாருக்குமே தெரியாத கேள்வியும் உதவாது.

உங்கள் கூட்டத்துக்கு ஒரு கேள்வியை நானே தருகிறேன். "எழுத்து ஒப்பந்தம் எதுவும் இல்லாமல், பதிவு பெற்ற ஒரு சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கினால் எத்தனை நாளில் பணம் கொடுக்க வேண்டும்? 15, 45, 90." பெரும்பாலோர் 45 என்பார்கள், அந்த எண்தான் ஊரெல்லாம் அடிபடுகிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், 2006 சொல்வது 15 நாள். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. முதல் வாக்கைத் திரையில் காட்டுங்கள், மூன்று நிமிஷம் பேச விடுங்கள், மறுபடி வாக்கு எடுங்கள், அப்புறம் ஆடிட்டரைப் பேசச் சொல்லுங்கள். கொடுக்க வேண்டியவரும் வாங்க வேண்டியவரும் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மண்டபத்தில் அந்த மூன்று நிமிஷம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். யாரும் வண்டிச் சாவியைத் தேட மாட்டார்கள்.

ஆளுக்கொரு வார்த்தை எழுத, அதிகம் பேர் எழுதியது பெரிதாகத் தெரியும் வார்த்தை மேகம் தமிழுக்குச் சரிப்பட்டு வரவில்லை என்பது என் அனுபவம். ஒருவர் "நூல் விலை" என்று இடைவெளி விட்டு எழுதுவார், இன்னொருவர் சேர்த்து எழுதுவார், மூன்றாமவர் ஆங்கில எழுத்தில் அடிப்பார். மூன்றும் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கும். பழைய மென்பொருளாக இருந்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று எல்ஈடி சுவரில் உடைந்து தெரியும். ஒரு தடவை "இந்த ஆண்டு உங்கள் எதிர்பார்ப்பு என்ன?" என்று கேட்டுவிட்டு, வடிகட்டாமல் நேரே திரையில் விட்டேன். மணி பன்னிரண்டே முக்கால். திரை முழுக்கப் பெரிதாக வந்து நின்ற வார்த்தை "சாப்பாடு". சிரித்து முடித்தார்கள், ஆனால் பேசிக்கொண்டிருந்த பேராசிரியர் முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இதைவிடப் பெரிய பாடம் அமெரிக்காவில் கிடைத்திருக்கிறது. 2007 மார்ச்சில் ஆஸ்டின் நகரத்து சவுத் பை சவுத்வெஸ்ட் விழாவில், நடைவழிகளில் பெரிய திரைகளை வைத்து வருபவர்களின் செய்திகளை ஓடவிட்டது ட்விட்டர். அந்த விழாவில் ஒரு நாளைக்கு 20,000 ஆக இருந்த செய்திகள் 60,000 ஆனதாம். அதே ஆண்டு ஆகஸ்டில் கிறிஸ் மெஸ்ஸினா என்பவர், ஒரு கூட்டத்தைப் பற்றிய செய்திகளைச் சேர்த்துப் படிக்க முன்னால் ஒரு # குறி போடலாமே என்று யோசனை சொன்னார். அவர் காட்டிய உதாரணமே பார்கேம்ப் என்ற கூட்டம்தான். ஹேஷ்டேக் பிறந்த கதை இது. இரண்டு ஆண்டு கழித்து, 2009 நவம்பரில், நியூயார்க்கில் நடந்த வெப் 2.0 எக்ஸ்போவில் ஆய்வாளர் டானா பாய்ட் பேசிக்கொண்டிருக்கும்போது அவருக்குப் பின்னாலேயே ட்விட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டத்துக்குத் தெரிகிறது, அவருக்குத் தெரியவில்லை. அவர் வேகமாகப் பேசுவதைப் பற்றிக் கிண்டல் எழுதத் தொடங்கி, அது வளர்ந்து, அரங்கம் சிரிக்கிறது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அவர் தடுமாறுகிறார். பின்னால் அவரே இதையெல்லாம் விரிவாக எழுதினார். அதனால் நான் வைத்திருக்கும் விதி: பேசுபவர் முதுகுக்குப் பின்னால் எதுவும் ஓடக் கூடாது. பேச்சு முடிந்த பிறகு, வடிகட்டியது மட்டும்.

ஹேஷ்டேக் உங்களுக்கு வேண்டுமா? ஃபிளக்ஸில் அலங்காரத்துக்கு வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் 400 பேரில் எக்ஸ் தளத்தில், அதாவது பழைய ட்விட்டரில், எழுதுபவர்களை ஒரு வேனில் ஏற்றிவிடலாம். நம் ஆட்கள் இருப்பது வாட்ஸ்ஆப்பில், யூடியூப்பில், வயதுக்கேற்றபடி ஃபேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ.

நம் பக்கத்தில் ஒரு கலை எப்படிப் பரவுகிறது என்று பார்த்தால் சமூக வலைதளம் வேலை செய்யும் விதம் புரியும். வள்ளி கும்மியைச் சொல்கிறேன். ஆசிரியர் பாட, சுற்றி நிற்பவர்கள் திருப்பிப் பாடி அடியெடுத்து ஆடுவார்கள். பயிற்சி முடிந்து அரங்கேற்றம் என்றால் நூற்றுக்கணக்கானோர் ஒரே நிறத்துச் சேலையில் மைதானத்தை நிறைத்துவிடுவார்கள். வள்ளி ஒயில் கும்மி ஆசிரியர் பத்ரப்பனுக்கு 2024-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். ஆனால் அதற்கு முன்பே ஊருக்கு ஊர் கும்மி வீடியோ எல்லார் போனிலும் இருந்தது. ஏற்பாட்டாளர் பக்கத்தில் போட்ட வீடியோ அதில் ஏதோ ஒன்றுதான். மீதியெல்லாம் அம்மா ஆடியதைப் பையன் எடுத்தது, தங்கச்சி ஆடியதை அண்ணன் எடுத்தது. தான் இருக்கிற வீடியோவைத்தான் ஒருவர் நாலு பேருக்கு அனுப்புவார். தலைவர் குத்துவிளக்கு ஏற்றுவதை யார் அனுப்புவார்கள், தலைவர் வீட்டைத் தவிர?

ஆகவே உங்கள் கேமராக்காரரிடம் மேடையைக் குறைத்து, கேள்வி கேட்டவர்களை எடுக்கச் சொல்லுங்கள். நெடுக்குவாட்டில், முப்பது நாற்பது விநாடி, கேள்வியும் பதிலின் சாரமும். கீழே தமிழில் எழுத்து கட்டாயம் வேண்டும், பஸ்ஸில் சத்தத்தை மூடிவைத்துப் பார்ப்பவர்கள் நிறையப் பேர். அன்று சாயங்காலமே போய்விட வேண்டும். ஒரு வாரம் கழித்து வரும் மூன்று மணி நேர முழு வீடியோ ஆவணத்துக்கு நல்லது, பார்ப்பதற்கு ஆள் இருக்காது. இப்போது முகத்தை வைத்து அவரவர் போட்டோவைப் பிரித்து அனுப்பும் சேவைகள் கல்யாணங்களுக்கு வந்துவிட்டன. அதைப் பயன்படுத்தினால் வருபவர்களிடம் சம்மதம் கேட்டு வாங்குங்கள். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதைத்தான் எதிர்பார்க்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் கேட்பதுதான் மரியாதை.

வாட்ஸ்ஆப்பில் பலரும் செய்யும் தவறு, 400 பேரையும் ஒரு குரூப்பில் போட்டுத் திறந்துவிடுவது. 1,024 பேர் வரை சேர்க்கலாம் என்பதால் இடம் இருக்கிறது. ஆனால் மூன்றாம் நாள் காலை வணக்கப் பூக்களும் தொகுதி அரசியலும் வந்து சேரும், நல்ல ஆட்கள் சத்தத்தை மூடிவிடுவார்கள். நிர்வாகிகள் மட்டும் அனுப்பும்படி வைத்துவிடுங்கள். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் என்றால் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் செய்தி போகும், பலருக்கு இது தெரியாது. பதிவு மேஜையில் இருக்கும் பிள்ளை "எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். நம் பக்கத்தில் வாசலில் நின்று "வாங்க" என்று ஒரு வார்த்தை கேட்காவிட்டால் ஒரம்பரை (உறவுக்காரர்கள்) பத்து வருஷத்துக்கு அதைச் சொல்லிக்காட்டும். கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னாலேயே அந்த எண்ணில் இருந்து பேரைச் சொல்லி ஒரு "வாங்க" போகட்டும். கூடவே "என்ன கேட்க நினைக்கிறீர்கள்?" என்று ஒரு வரி. அப்படி வந்த கேள்வியில் இரண்டை மேடையில் முதலிலேயே எடுத்துவிட்டால், மற்றவர்களும் டோக்கனைத் திருப்பிப் பார்ப்பார்கள்.

நேரலை பற்றி ஒரே விஷயம். யூடியூப் நேரலை வீட்டில் இருப்பவருக்குச் சில விநாடி முதல் அரை நிமிஷம் வரை தாமதமாகத்தான் போகும். மண்டபத்தில் வாக்கெடுப்பை முடித்த பிறகுதான் கேள்வியே அவர் காதில் விழும். வீட்டில் இருப்பவர்களையும் சேர்க்க நினைத்தால் வாக்கைக் கூடுதலாக ஒரு நிமிஷம் திறந்து வையுங்கள்.

இனிச் சலிப்பான, ஆனால் பெரும்பாலான கூட்டங்களைக் கவிழ்க்கும் சங்கதி: சிக்னல். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள், அதாவது அலைப் பாதைகள், மூன்றுதான். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், அது அலையை உறிஞ்சும். காலி மண்டபத்தில் சோதித்தபோது பறந்த இணையம் 400 பேர் உட்கார்ந்ததும் படுத்துவிடும். எல்லாருக்கும் வைஃபை கொடுக்க முயலாதீர்கள். மண்டபத்து இணையத்தை வயர் இழுத்து மேடை, கேள்வி பார்ப்பவர், நேரலை மூன்றுக்கு மட்டும் வையுங்கள். கூட்டம் தன் டேட்டாவில் பார்த்துக்கொள்ளும், கேள்விப் பக்கம் எழுத்து மட்டும் என்பதால் சுமை குறைவு. அந்த டேட்டா உள்ளே கிடைக்கிறதா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. முகூர்த்த நாளில், அதே மண்டபத்தில் யாராவது கல்யாணம் வைத்திருக்கும்போது போய், தாலி கட்டும் நேரத்தில் நாலு மூலையிலும் நின்று பாருங்கள். அத்தனை போனும் வீடியோ எடுத்து அனுப்பிக்கொண்டிருக்கும். அப்போது கிடைத்தால் உங்கள் கூட்டத்திலும் கிடைக்கும். கிடைக்காத மூலைக்கு இரண்டு கல்லூரிப் பிள்ளைகளைத் துண்டுச் சீட்டும் பேனாவுமாக நிறுத்துங்கள். அவர்கள் வாங்கி வந்து டைப் பண்ணிப் போடட்டும்.

செலவைக் கேட்டீர்கள். தனி ஆப் வேண்டாம். ஒரு கூட்டத்துக்கான கேள்விச் சேவைக் கட்டணம், டோக்கன் அச்சு, கேள்வி பார்க்கும் ஆளுக்குச் சம்பளம், அன்றே வீடியோ வெட்டித் தரும் ஒரு பையனுக்குச் சம்பளம். மேடை அலங்காரத்துக்கு ஒதுக்கியதில் ஒரு பங்கிலேயே இவ்வளவும் முடிந்துவிடும். நேரம் போதாமல் மிஞ்சிய கேள்விகளுக்கு அந்த வாரத்துக்குள் பேச்சாளர்களிடம் பதில் வாங்கி அதே எண்ணில் அனுப்பிவிடுங்கள், அதற்குக் காசே இல்லை.

அப்புறம், ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ். கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்க அரை நிமிஷம்தான் ஆகும், ஆனால் ரவுட்டர் மறுபடி எழுந்திருக்க இரண்டு மூன்று நிமிஷம் எடுக்கும், அதற்குள் வாக்கெடுப்பு பாழ். மண்டபத்து மேனேஜரிடம் மேடைக்குப் பின்னால் இருக்கும் பிளக் பாயிண்ட் ஜெனரேட்டர் லைனில் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பல மண்டபங்களில் ஃபேனும் லைட்டும் மட்டும்தான் அதில் வரும்.